ஆபிரகாமுக்கு மட்டும் மணி அடிப்பதில்லை

ஸ்ரௌவ்வில்
2 பெப்ரவரி 2025

அருள்நாயகிக்கு,

நான் ஏன் போனை எடுப்பதில்லை என்று கஸ்பர் அண்ணையிடம் கேட்டீராம். எடுத்தால் என்ன நடக்கும் என்று உமக்கே தெரியும். நீர் அழுவீர். நான் பகிடி விடுவேன். "உங்களுக்கு இதுவும் பகிடியோ" என்பீர். பிறகு பக்கத்து வீட்டுக்காரர் சுவரில் தட்டும்வரை இருவரும் கத்துவோம். கடிதத்தில் கத்த முடியாது. உறையை ஒட்டி, முத்திரை குத்தி, இந்தக் குளிரில் தபால் பெட்டிவரை நடந்து போவதற்குள் பாதிக் கோபம் உறைந்துவிடும்.

அண்ணையின் பேஸ்மென்றில் எனக்கு ஒரு குறையும் இல்லை. புது வீட்டைப் பார்க்க வருகிற எல்லோரையும் கீழேவரை கூட்டி வந்து காட்டுகிறார். "மேல நாலு றூம். ரெண்டு கராஜ். இது விஸ்கி பார். இது தம்பி." நான் எழுந்து கும்பிடுகிறேன்.

விசயத்துக்கு வருகிறேன். என்னுடைய இரண்டு கிட்னியும் வேலையை விட்டு விலகிக்கொண்டிருக்கின்றன என்பதை நான் மறுக்கவில்லை. மாற்றுக் கிட்னி கிடைக்காவிட்டால் டயாலிசிஸ் என்று டொக்டர் சொன்னபோது நானும் பக்கத்தில்தான் இருந்தேன். ஆனால் டெனிஸ்டனுடையது எனக்கு வேண்டாம். இருபத்தாறு வயதுப் பிள்ளையைக் கிழித்து எடுத்து, ஐம்பத்தாறு வயதுக் கிழட்டுப் பையில் போட்டுத் தைக்க நான் சம்மதிக்கவில்லை. இரத்தம் பொருந்திவிட்டது என்று ஹொஸ்பிற்றலில் இருந்து செய்தி வந்த அன்று வீட்டில் கேக் வெட்டினீர்களே, நீர் கத்தியைப் பிடிக்க அவன் உமது கையைப் பிடிக்க, இருவரும் என்னைப் பார்த்துச் சிரித்தபடி. அந்தக் கத்தியைப் பார்த்துவிட்டுத்தான் நான் பெட்டியைக் கட்டினேன்.

ஏழு வருடமாக எதன் முன்னால் நான் காவல் நிற்கிறேன் என்று நீர் ஒருநாளும் வந்து பார்த்ததில்லை. சொல்கிறேன். டவுன்ரவுன் கலைக்கூடத்தின் இரண்டாம் மாடி, சிவப்புச் சுவர். ஐந்நூறு வருடத்துக்கு முன் இத்தாலியில் பலகையில் எண்ணெய் வர்ணத்தால் தீட்டிய படம். வரைந்தவன் பெயர் தெரியாது. ஆபிரகாம், கடவுள் கேட்டபடி, மகன் ஈசாக்கைப் பலி கொடுக்கப் போகிறார். ஒரு கையில் கத்தி, மறு கை பிள்ளையின் பிடரியில். ஒரு சம்மனசு சிறகை விரித்து மேலேயிருந்து பாய்ந்து கத்திக் கையைப் பிடிக்கிறது. பற்றைக்குள் ஓர் ஆடு. கீழே இரண்டு வேலைக்காரரும், எதைப்பற்றியும் கவலையில்லாமல் மேய்கிற ஒரு கழுதையும். ஈசாக்கு விறகுக் கட்டின் மேல் முழங்காலில் இருக்கிறான். கத்தியையும் பார்க்கவில்லை, தகப்பனையும் பார்க்கவில்லை. காவல்காரன் நிற்கிற இடத்தைப் பார்க்கிறான். சம்பளம் வாங்கிக்கொண்டு நான் காவல் காக்கிற ஒரே கொலை முயற்சி இதுதான். யாராவது அரை மீற்றருக்குள் வந்தால் மணி அடிக்கும். ஆபிரகாமுக்கு மட்டும் அடிப்பதில்லை.

வீட்டுக்கு வரமாட்டேன் என்று நான் சொல்லவில்லை. கிட்னி கொடுக்கிறவர் பட்டியலில் இருந்து அவன் தன் பெயரை எடுத்த அன்றைக்கே வருவேன்.

இக்னேசியஸ்

மோர்னிங்சைட்
9 பெப்ரவரி 2025

டெனிஸ்டனின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நன்றாக எழுதியிருக்கிறீர்கள். வாசிக்கிறவர்கள் சிரிப்பார்கள். நான் சிரிக்கவில்லை.

கேக்கைப் பற்றி எழுதினீர்கள். அதை வாங்கி வந்தவன் அவன். வேலையால் வருகிற வழியில், தானாக. கிட்னி தருகிறேன் என்று சொன்னவனும் அவன். நான் அவன் கழுத்தைப் பிடித்து விறகில் இருத்தவில்லை. முதலில் போய்க் கையை நீட்டியவள் நான் என்பதையும் மறந்துவிட்டீர்கள். எனக்குச் சீனி வருத்தம், பிரசர் என்று வாசலிலேயே என்னைத் திருப்பி அனுப்பினார்கள். அன்று பஸ்ஸில் நான் எப்படி வீட்டுக்கு வந்தேன் என்று நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. அதில் பகிடி இல்லை, அதுதான்.

உங்கள் கால் எப்படி? நீங்கள் வீட்டை விட்டுப் போன கிழமையில் சொக்ஸைக் கழற்றினால் கணுக்காலில் வாய்க்கால் வெட்டியது போல இருந்தது. இப்போது வீக்கம் முழங்கால்வரை வந்திருக்கும். அந்தக் காலோடு எட்டு மணித்தியாலம் நிற்கிறீர்கள். நீங்கள் பலியைத் தடுக்கவில்லை. வேறு ஆளைப் பலி கொடுக்கிறீர்கள்.

கஸ்பர் அத்தானுக்கு என்ன சொல்லி வைத்திருக்கிறீர்கள்? உங்கள் கிட்னி வருத்தத்தைப் பற்றி மூச்சு விடவேண்டாம். பெடியனுக்கு ஒரு கிட்னிதான் என்று வெளியில் போனால் நாளைக்கு யார் அவனுக்குப் பெண் தருவார்கள்? அவருக்குச் சொன்னால் மார்க்கம் நகரத்துச் சனம்வரை கேட்கும்.

உங்களுடைய படத்தைப் பற்றி ஒன்று கேட்கிறேன். தகப்பன் இருக்கிறார், பிள்ளை இருக்கிறான், சம்மனசு, ஆடு, வேலைக்காரர், கழுதை. சாரா எங்கே? அவ்வளவு பேரைக் கீறினவனுக்குத் தாய்க்கு ஓர் ஓரத்தில் இடமில்லையா? அவளுக்குச் சொல்லாமல்தான் விடியப்புறமாக வெளிக்கிட்டிருப்பார்கள். சொல்லாமல் வெளிக்கிடுவது ஆபிரகாம் காலத்திலேயே தொடங்கிவிட்டது போலிருக்கிறது.

இருபதாம் திகதி ஹொஸ்பிற்றலில் சோசல் வேர்க்கர் அவனைச் சந்திக்கிறா. அதுதான் கடைசிச் சோதனை. அதில் சரி என்றால் ஒப்பரேசனுக்கு நாள் வைப்பார்கள். நானும் கூடப் போகிறேன். நீங்கள் அதற்குள் வீட்டுக்கு வாருங்கள்.

அருள்நாயகி

ஸ்ரௌவ்வில்
14 பெப்ரவரி 2025

அருள்நாயகிக்கு,

அண்ணையைப் பற்றிக் கவலைப்படவேண்டாம். வருத்தத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதனால் அவர் தானாகவே ஒரு முடிவுக்கு வந்திருக்கிறார்: எனக்கு வேறொரு பெண் தொடர்பு. கலைக்கூடத்தில், அநேகமாக வெள்ளைக்காரி. வந்த நாளில் இருந்து என்னை ஒரு பழைய சோபாவைப் பார்ப்பது போலப் பார்த்தவர், இப்போது ரீ போட்டுத் தருகிறார். "இந்த வயசில உனக்கு எப்பிடியடா" என்று ஒருநாள் கேட்டார். நான் நெடுமூச்சு விட்டேன். படியேறியதால் வந்த மூச்சு. அவர் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்.

சாராவைப் பற்றி நீர் கேட்டதை நான் படத்தை விளக்குகிற பெண்ணிடமும் கேட்டுப் பார்த்தேன். அவளுக்கும் தெரியவில்லை. ஆனால் அவள் வேறொன்று சொன்னாள். ஈசாக்கு சின்னப் பிள்ளை இல்லை, வளர்ந்த இளந்தாரி என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்களாம். தகப்பனோ நூறு தாண்டிய கிழவர். பெடியன் ஒரு தள்ளுத் தள்ளியிருந்தால் கிழவர் கழுதைக்குப் பக்கத்தில் போய் விழுந்திருப்பார். தள்ளவில்லை. ஆகவே அவனுக்குச் சம்மதம்தான் என்று அவள் விளக்கினாள். வந்திருந்த சனம் தலையாட்டியது. எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு எங்கட பெடியன்களைத் தெரியாது. தள்ளாமல் இருப்பதற்கும் சம்மதத்துக்கும் நடுவில் இருக்கிற இடத்தில்தான் நாங்கள் அவர்களை வளர்த்தெடுக்கிறோம்.

இனி நான் எழுத நினைத்ததை எழுதுகிறேன். புதன்கிழமை டெனிஸ்டன் கலைக்கூடத்துக்கு வந்தான். உமக்குச் சொல்லியிருக்கமாட்டான். வேலை நேரத்தில் என்னோடு கதைக்கக்கூடாது என்று அவனுக்குத் தெரியும். பார்வையாளரைப் போலக் கையைப் பின்னுக்குக் கட்டிக்கொண்டு படத்தைப் பார்த்தான்.

"இவன் ஏனப்பா எங்களைப் பாக்கிறான்?"

"அங்கால பாத்தால் கத்தி. இஞ்சால பாத்தால் தேப்பன். வேற எங்க பாக்கிறது."

"அவனுக்கு ஓகேயா?"

"ஆருக்கு?"

"ஐசக்குக்கு. அவனிட்ட ஆரும் கேட்டவையோ?"

நான் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். "நீ பயப்பிடுறியோடா?"

அவன் சிரித்தான். என்னுடைய சிரிப்புத்தான், அது எனக்குத் தெரியும். ஒன்றும் சொல்ல விருப்பமில்லாதபோது நான் சிரிக்கிற சிரிப்பு. பிறகு சொன்னான், "அம்மா ஹொஸ்பிற்றல் டேற் எல்லாம் கலண்டர்ல போட்டுட்டா அப்பா."

கேட்டீரா? நான் கேட்டது அது இல்லை. அவன் சொன்ன பதிலும் அதற்கு இல்லை. பிறகு ஈசாக்கின் முகத்தைக் கிட்டப் பார்க்கக் குனிந்தான். மணி அடித்தது. என் சொந்த மகனை, "சேர், பின்னுக்கு நில்லுங்கோ" என்று இங்கிலீசில் சொல்லித் தள்ளி நிறுத்தவேண்டி வந்தது.

இருபதாம் திகதி அவனோடு போகாதேயும். கெஞ்சிக் கேட்கிறேன். அவனைத் தனியே விடும்.

இக்னேசியஸ்

மோர்னிங்சைட்
2 மார்ச் 2025

டெனிஸ்டனின் அப்பாவுக்கு,

உங்களுக்குச் சந்தோசமாக இருக்கும். அவனை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நான் போனேன். நீங்கள் போகவேண்டாம் என்று எழுதியதற்காகவே போனேன் என்றும் வைத்துக்கொள்ளலாம். ஒரு சின்ன அறை. சோசல் வேர்க்கர் என்றால் வயதான மனுசியாக இருப்பா என்று நினைத்தேன். எங்கள் பிள்ளையைவிட இரண்டு வயது கூட இருக்கும். டெனிஸ்டனைப் பார்த்து, இது உங்களுடைய சொந்த முடிவா என்று கேட்டா. அவன் வாய் திறப்பதற்குள் நான் சொன்னேன். நல்லதைத்தான் சொன்னேன். என்னுடைய மகன் நல்ல பிள்ளை, நான் சொல்லி ஒன்றையும் இன்றுவரை இவன் மறுத்ததில்லை, இரு என்றால் இருப்பான், எழும்பு என்றால் எழும்புவான், இந்த நாட்டில் பிறந்தும் அப்படி ஒரு பிள்ளை என்று சொன்னேன். எனக்குத் தெரிந்த இங்கிலீசில், திருத்தமாகச் சொன்னேன். இதைவிடப் பெருமையாக ஒரு தாய் என்ன சொல்ல முடியும்?

அந்தப் பிள்ளை எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தா. பிறகு, மிகவும் மரியாதையாக, வெளியில் இருக்கச் சொன்னா.

ஒரு மணித்தியாலத்துக்கு மேல் அவன் உள்ளே இருந்தான். வந்தபோது முகம் கழுவியிருந்தான். "என்ன கேட்டவை?" என்றேன். "சும்மா, எல்லாம் கேட்டவை" என்றான். அன்று கார் ஓட்டும்போது றேடியோவைப் போட்டுவிட்டான்.

வெள்ளிக்கிழமை போன் வந்தது. கிட்னி கொடுக்க அவன் பொருத்தமில்லையாம். அவ்வளவுதான். ஏன் என்று கேட்டால் அவன், "அவை சொல்லுறதில்லை அம்மா" என்கிறான். நான் ஹொஸ்பிற்றலுக்கு எடுத்தேன். பெற்ற தாய்க்கும் சொல்லமாட்டார்களாம். இரத்தம் சரி, ஸ்கான் சரி என்று சொன்னவர்கள்தானே? ஒரு மணித்தியாலத்தில் ஒரு பிள்ளையின் உடம்பில் என்ன பழுதாகும்?

நீங்கள் உண்மையைச் சொல்லவேண்டும். அவர்களுக்குப் போன் எடுத்தீர்களா? அவனை விடுங்கள் என்று சொன்னீர்களா? உங்களை எனக்குத் தெரியும். சிரித்துச் சிரித்துச் செய்வீர்கள்.

நீங்கள் சொல்லாவிட்டால் அவன் சொல்லட்டும். வாற ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் அவனை மேசையில் இருத்தப்போகிறேன். மாதாவின் சுரூபத்தை முன்னால் வைத்து, அதைத் தொட்டுச் சொல்லச் சொல்வேன். அதைத் தொட்டுவிட்டு அவன் பொய் சொல்லமாட்டான்.

அருள்நாயகி

ஹொஸ்பிற்றல்
7 மார்ச் 2025

அருள்,

இதை அண்ணை கையில் கொண்டுவந்து தருவார். ஞாயிற்றுக்கு முன் உமக்குக் கிடைக்கவேண்டும். தபாலை நம்ப முடியாது.

முதலில் பயப்படவேண்டாம். செவ்வாய்க்கிழமை வேலையில் விழுந்துவிட்டேன். எங்கே விழுந்தேன் என்றால், படத்துக்கு நேர் முன்னால், அரை மீற்றருக்குள். ஏழு வருடத்தில் எனக்காக மணி அடித்தது அன்றுதான். கழுத்தில் குழாய் போட்டு டயாலிசிஸ் தொடங்கிவிட்டார்கள். மூச்சு இப்போது நன்றாக வருகிறது. உமக்கு அறிவிக்கவேண்டாம் என்று அண்ணையை மறித்தவன் நான்தான், அவரை ஏசாதேயும். அவருக்கு இப்போது எல்லாம் தெரியும். வெள்ளைக்காரி இல்லை என்று அறிந்ததில் மனுசனுக்குக் கொஞ்சம் ஏமாற்றம். பிறகு கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

நீர் கேட்டதற்குப் பதில்: நான் போன் எடுக்கவில்லை. ஞானஸ்நானத்தின் மேல் சத்தியம். எடுக்க நினைத்தேன், இரண்டு தரம் நம்பரை அழுத்தி வெட்டினேன். எடுத்திருந்தாலும் என்னுடைய சொல்லை அவர்கள் கணக்கெடுத்திருக்கமாட்டார்கள்.

இங்கே கிட்னி மாற்றுப் பிரிவில் ஒரு நேர்ஸ் இருக்கிறா. அவவிடம் நேற்றுக் கேட்டேன். என் மகனைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டேன் என்றா. சரி, பொதுவாகச் சொல்லுங்கள் என்றேன். பொதுவாக இப்படியாம்: கொடுக்கிறவரின் உடம்பில் சின்னக் குறை கண்டால் அவர்கள் சொல்வது, பொருத்தமில்லை. வீட்டில் யாரோ நெருக்குகிறார்கள் என்று தோன்றினால் சொல்வது, பொருத்தமில்லை. கொடுக்க வந்தவர் தனியறையில், எனக்குப் பயமாக இருக்கிறது, என்னால் ஏலாது என்று சொன்னாலும் சொல்வது, பொருத்தமில்லை. எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சொல்தான். வேறு சொல் அவர்களிடம் இல்லாமல் இல்லை. வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள், பிள்ளை வீட்டுக்குத் திரும்பிப் போகக்கூடியதாக.

ஆகவே அவனுடைய உடம்பாக இருக்கலாம். நீர் சொன்ன அந்தப் பெருமையாக இருக்கலாம். பாவம், நீர் அதைச் சொல்லும்போது நிமிர்ந்து இருந்திருப்பீர், எனக்குத் தெரியும். அல்லது வாழ்க்கையில் முதன்முதலாக ஒருவர் அவனைத் தனியே இருத்திக் கேட்டபோது, அவன் வாய் திறந்து வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம்.

எது என்று எனக்கும் தெரிய ஆசை. அவன் வேண்டாம் என்று சொல்லவேண்டும் என்பதற்காக வீட்டை விட்டு வந்தவன் நான். சொல்லியிருப்பான் என்று நேற்று நினைத்துப் பார்த்தேன். நெஞ்சு நொந்தது, அருள். நோகும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எனக்கே நொந்தால் உமக்கு எப்படி இருக்கும்.

அதனால்தான் சொல்கிறேன். சுரூபத்தை அதன் இடத்திலேயே விடும். நீர் அவனை அதன் முன்னால் இருத்தினால், ஒன்றில் அவன் மாதாவுக்கு முன்னால் பொய் சொல்லவேண்டும், அல்லது, அப்பாவுக்குத் தர நான் மாட்டேன் என்றேன் என்று தாயின் முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டும். எதைச் சொன்னாலும் அவன் அந்த மேசையில் இருந்து எழும்பிப் போய்விடுவான். திரும்பி வரமாட்டான். எனக்குப் பட்டியலில் பெயர் இருக்கிறது, மிசின் இருக்கிறது. முன்பின் தெரியாத ஒரு புண்ணியவானின் கிட்னி வரும்வரை இருப்பேன். பிள்ளை போனால் அதற்குப் பட்டியல் இல்லை.

கேட்காதேயும். ஞாயிற்றுக்கிழமையும் கேட்காதேயும், நான் செத்த பிறகும் கேட்காதேயும்.

இதில் ஏதாவது பகிடி இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். இல்லை.

இக்னேசியஸ்

ஹொஸ்பிற்றல் கன்ரீன்
9 மார்ச் 2025

டெனிஸ்டனின் அப்பாவுக்கு,

மேலே வந்தோம். நீங்கள் நித்திரை. வாயைத் திறந்துகொண்டு, கழுத்தில் அந்தக் குழாயோடு. எழுப்ப மனமில்லை. டெனிஸ்டன் உங்கள் பக்கத்தில் இருக்கிறான். நான் கீழே வந்து இதை எழுதுகிறேன்.

கஸ்பர் அத்தான் நேற்றுப் பின்னேரம் கடிதத்தைக் கொண்டுவந்தார். நீங்கள் விழுந்த செய்தியை வாசலில் வைத்துத்தான் எனக்குச் சொன்னார். சொல்லிவிட்டு, சப்பாத்துக் கழற்றாமல் அங்கேயே நின்றார். அப்போது சுரூபம் ஏற்கெனவே மேசையில் இருந்தது. துணி மாற்றி, பூவும் வைத்திருந்தேன். கடிதத்தை வாசித்துவிட்டு உங்கள் மேல் எனக்கு வந்த கோபத்தை எழுதமாட்டேன். எழுதினால் நீங்கள் எழும்பி ஓடிவிடுவீர்கள். விழுந்து ஐந்து நாள், எனக்குத் தெரியாது. இருபத்தெட்டு வருடம் கட்டி வாழ்ந்தவளுக்கு. அதற்கு நீங்கள் வீட்டுக்கு வந்து பதில் சொல்லவேண்டும்.

சுரூபத்தைத் திரும்ப அதன் இடத்தில் வைத்தேன். ஆனால் கேட்கமாட்டேன் என்று அப்போதும் நான் முடிவு செய்யவில்லை. உங்களுக்கு ஏன் பொய் சொல்லவேண்டும். இன்று பூசையிலும், காரில் ஏறும்போதும், கேள்வி என் நாக்கில்தான் இருந்தது.

இங்கே வருவதற்கு முன் என்னை உங்கள் படத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போ என்றேன். அவன் ஒன்றும் கேட்காமல் திருப்பினான். 401 ஹைவேயில் நல்ல சனம். பார்க்வேக்கு இறங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"கேளுங்கோ அம்மா."

"எதை?"

"நீங்கள் கேக்கப்போறீங்கள் எண்டு தெரியும். ஜஸ்ற் கேளுங்கோ. நான் சொல்லுறன்."

ஸ்ரேறிங்கைப் பிடித்திருந்த அவனுடைய விரல்கள் வெளிறிப்போய் இருந்தன. நான் அவனைப் பெற்றவள். பக்கத்தில் இருந்து அந்தக் கன்னத்தைப் பார்த்தேன். வாயைத் திறந்தேன்.

"சிக்னல் போடாமல் லேன் மாறிறாய்" என்றேன்.

அவன் சிக்னல் போட்டான். லேன் மாறி முடிந்த பிறகும் அதை நிறுத்தவில்லை. அது டிக் டிக் என்று அடித்துக்கொண்டே வந்தது. நானும் நிறுத்தச் சொல்லவில்லை. அவன் மூக்கை உறிஞ்சினான். குளிர் என்று நான் வைத்துக்கொண்டேன்.

படத்தைப் பார்த்தேன். நீங்கள் எழுதியதை விடச் சின்னது. வேறொரு காவல்காரன் நின்றான், உங்களை விசாரித்தான், நல்ல மனுசன். நீங்கள் நிற்கிற இடத்தில் நின்று பார்த்தேன். அந்தப் பிள்ளை என்னைப் பார்ப்பதை என்னால் தாங்க முடியவில்லை. ஆபிரகாமைப் பார்த்தேன். நான் நினைத்தது போலக் கொடுமைக்காரனாகத் தெரியவில்லை. எங்கள் ஆட்கள் ஒப்பரேசனுக்குக் கையெழுத்து வைக்கும்போது இருக்கிற முகம். டெனிஸ்டன் எனக்குப் பின்னால் நின்றான். கிட்டப் போகாதீங்கோ அம்மா, மணி அடிக்கும் என்றான்.

இங்கே வந்ததும் நேர்ஸ் எங்களோடு கதைத்தா. வீட்டிலேயே செய்கிற டயாலிசிஸ் இருக்கிறதாம். வயிற்றில் குழாய், கட்டிலுக்குப் பக்கத்தில் மிசின், ஒவ்வொரு இரவும். உங்களுக்கு அது சரிவரும் என்று டொக்டர் சொல்கிறாராம். மருந்துத் தண்ணீர்ப் பெட்டிகள் மட்டும் முன்னறை முழுக்க வருமாம். சோபாவைக் கஸ்பர் அத்தானுக்குக் கொடுத்துவிடலாம், அவருக்கு இடம் இருக்கிறது. வீட்டில் யார் பழகப்போகிறீர்கள் என்று கேட்டா. பழகுவதற்குச் சில நாள் இங்கே வந்து போகவேண்டுமாம், கை கழுவுவதில் இருந்து தொடங்குகிறார்களாம்.

நான் என்று சொன்னேன். ஒரு கடதாசியை நீட்டினா. என் பேனாவால் என்னுடைய பெயரை எழுதினேன். கீழே இன்னொரு பெயருக்கு இடம் இருந்தது. நான் அவன் பக்கம் திரும்பவே இல்லை. பேனாவை மூடினேன். பைக்குள் போட்டேன். சிப்பையும் இழுத்துப் பூட்டினேன்.

அவன் நேர்ஸிடம் வேறொரு பேனா கேட்டு வாங்கினான்.

அருள்நாயகி